டயருக்குள் நீலக்களி

அன்பு மகள் ஷோனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் வைத்துக்கொள். நீ அங்கே ஸ்காட்லாந்தில் வேளைக்குச் சாப்பிட்டு, நனைந்த காலுறையைக் காலிலேயே காயவிடாமல், இரவில் கொஞ்சமாவது தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். இங்கே மழை. நான் சொல்லாவிட்டாலும் உனக்குத் தெரியும், நம் ஊரில் மழை இல்லாத நாளைத்தான் செய்தியாகச் சொல்ல வேண்டும். ஆற்றில் வெள்ளைமீன் குஞ்சு ஏறத் தொடங்கிவிட்டது, ஆட்கள் வலையைத் தூக்கிக்கொண்டு கரையில் இடம் பிடிக்கிறார்கள், உன் அப்பா இந்த வருடம் போகவில்லை. மூச்சு வாங்குகிறது என்கிறார். சுரங்கத்துத் தூசி நெஞ்சில் இருப்பது புதிதல்ல, போன வருடமும் அதே தூசியோடுதான் போனார், ஆனால் போன வருடம் வலையைத் தூக்கிக்கொண்டு கூடப் போக உன் தம்பி ரோரி இருந்தான். கடை ஓடுகிறது. வாடகை சைக்கிளுக்கு ஆள் வருகிறது, சேறும் சகதியுமாகக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார்கள், நான் குழாயைப் பிடித்துக் கழுவுகிறேன். கழுவக் கழுவ வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை, அந்த மட்டில் தொழிலுக்கு நன்றி.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஞாயிறன்று நீ தொலைபேசியில் சொன்னதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். போனில் உன்னிடம் பேச முடியாது, பாதியில் வைத்துவிடுவாய். இதைப் பாதியில் வைத்தாலும் மேசை மேலேயே கிடக்கும், எப்போதாவது திரும்ப எடுப்பாய். சைக்கிள் பந்தயக் குழுவின் மெக்கானிக் வேலையை விட்டுவிட்டாய் என்று உன் வாயால் அன்றைக்குத்தான் கேட்டேன். மீன் கொட்டகையில் சால்மனைப் பெட்டியில் அடுக்குகிறாயாம். அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை, ஆனால் பத்து வயதில் என் பட்டறையில் சக்கரக் கம்பியைத் தட்டிச் சத்தத்தை வைத்தே எது தளர்ந்திருக்கிறது என்று சொன்னவள் நீ, ஏன் விட்டாய் என்று கேட்டேன். அதற்கு நீ சொன்னாய், "நாந்தாம்மா சொன்னேன். காத்து இருபத்தாறு வை, எறக்காதேன்னு நாந்தான் சொன்னேன். அவன் செத்துட்டான். இனிமே எந்த டயரையும் தொடமாட்டேன்." அப்புறம் வைத்துவிட்டாய். ரிசீவரை என் கையிலிருந்து அப்பா வந்து வாங்கி வைத்தார்.

இது உன் தலைக்குள் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். குளிர்காலச் சவாரிக்கு முந்தின நாள் ரோரி உன்னைக் கூப்பிட்டு என்ன டயர் போடுவது என்று கேட்டான், நீ சொன்னதை அவன் போட்டான், மறுநாள் டாபின் மலைச் சைக்கிள் தடத்தில் பலகைப் பாலத்துக்கு முன்னால் விழுந்து ஓடைக்குள் போனான். சைக்கிளைத் தூக்கி வந்தவர்கள் பின் டயரை அமுக்கிப் பார்த்தார்கள், கல்லாக இருந்தது. முன் டயரில் காற்றே இல்லை, பாறையில் மோதினதில் போயிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். அன்றைக்கு மாலையே மதுக்கடையில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. வால்டர் கிழவன், அப்பாவோடு சுரங்கத்தில் இருந்தவன், அவன் வாய் உனக்குத் தெரியுமே, "பையன் இறுக்கமா வெச்சுக்கிட்டு எறங்கியிருக்கான்யா. வெளிநாட்டுப் புத்தி கேட்டா இப்பிடித்தான்" என்றானாம். ஊரில் ஒருவன் சொன்னால் ஊரே சொன்னமாதிரி. நீ அடக்கத்துக்கு வந்தபோது யாரும் உன் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, ஆனால் காதில் விழுந்திருக்கிறது. மண் போட்டாய், என்னைக் கட்டிக்கொண்டாய், அவன் சைக்கிள் தொங்கும் நம் கொட்டகைப் பக்கம்கூடத் திரும்பாமல் விமானம் ஏறிவிட்டாய். அப்போதே எனக்கு ஏதோ உறைத்தது, துக்கம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

இப்போது தொழில் பேசுவோம், நாம் இரண்டு பேரும் ஒழுங்காகப் பேசிக்கொண்டதே அதுதான். நீ அவனுக்குச் சொன்னது ஒல்லியான சேற்று டயர், பல் உயரமாகவும் விலகியும் இருப்பது. டாபினில் குளிர்காலத்துக்கு நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அகல டயர் நம் களியின் மேல் ஏறி மிதக்கும், இரண்டு சுற்றில் பல்லெல்லாம் அப்பிக்கொண்டு வெறும் வழுக்கு உருளையாகிவிடும். ஒல்லி டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கி அடியில் இருக்கும் கெட்டித் தரையைத் தொடும், பல் விலகி இருப்பதால் சுற்றும்போதே களியை உதறும். ஆனால் ஒல்லி டயருக்குள் காற்றுக்கு இடம் குறைவு, அதே ஆளைத் தாங்க அகல டயரைவிடக் கூடுதலாகத்தான் அடிக்க வேண்டும். ரோரியின் எடைக்கு, அதுவும் அதற்கு முந்தின மாதம்தான் ரிம்மைக் கல்லில் நசுக்கிக்கொண்டு வந்தவனுக்கு, பின்னால் இருபத்தாறு பவுண்டு காற்று, முன்னால் ஒன்றிரண்டு குறைவு. இதில் பிழை எங்கே இருக்கிறது சொல். படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாய், தடம் தொடங்கும் கேட்டில் நின்று காற்றை இறக்காதே என்று. ஏன் சொன்னாய் என்று எனக்குத் தெரியும், நம் பிள்ளைகள் கேட்டில் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும்.

அந்தப் பழக்கத்தை நீயும் செய்தவள்தான். டாபின் சுரங்கத்து வாயில் இருந்த இடத்தில்தானே கேட் நிற்கிறது. அப்பா காலத்தில் உள்ளே இறங்குகிறவன் ஒவ்வொருவனும் அங்கே தகரப் பெட்டியில் புகையிலையையும் தீப்பெட்டியையும் வைத்துவிட்டுத்தான் போவான், உள்ளே வாயு, ஒரு பொறி போதும். சுரங்கம் மூடி, தடம் வந்து, இந்தப் பிள்ளைகள் அதே இடத்தில் குனிந்து டயரில் காற்றை இறக்க ஆரம்பித்தார்கள், அதற்கும் புகையிலை வைப்பது என்றே பேர் வந்துவிட்டது. புஸ்ஸென்று சத்தம் வர வேண்டும், கட்டைவிரலை அழுத்தினால் உள்ளே போக வேண்டும், அதுதான் கணக்கு. அழுத்தமானியைக் கையில் எடுத்தவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். அகல டயருக்கு அந்தக் கட்டைவிரல் கணக்கு ஏறக்குறைய சரியாகவே வரும், எல்லா விரலும் அகல டயரில் பழகின விரல். ஒல்லி டயரில் அதே அளவுக்கு விரல் உள்ளே போனால் என்ன ஆகும் என்று யாருக்கும் தோன்றவில்லை, நம் ஊரில் ஒல்லி டயர் போட்டவனே ரோரிதான்.

நீ போனை வைத்த மறுநாள் கடையைத் திறக்கவில்லை. கொட்டகைக்குப் போய் அவன் சைக்கிளைக் கொக்கியிலிருந்து இறக்கினேன். போலீஸ்காரர் திருப்பிக் கொண்டுவந்து மாட்டின நாளிலிருந்து அது அப்படியே தொங்குகிறது, சேறு காய்ந்து தரையெல்லாம் பொடி கொட்டியிருந்தது, யாரையும் தொடவிடவில்லை, நானும் தொடவில்லை. அப்பா வாசலில் வந்து நின்றார், "வேணாம் நைரி, விட்டுரு" என்றார். போய் உட்காருங்கள் என்றேன். பின் டயரில் இன்னும் கொஞ்சம் காற்று இருந்தது. முன் சக்கரத்தைக் கழற்றி மேசையில் போட்டு நெம்பினேன். டயர் விளிம்பு ஒரு பக்கம் ரிம்மை விட்டு ஏற்கெனவே வந்திருந்தது. உள்ளே கையை விட்டேன். ஓட்டையை அடைக்க நாம் ஊற்றுவோமே வெள்ளைத் திரவம், அது காய்ந்து தோலாகியிருந்தது, அந்தத் தோலுக்குள் ஒரு பிடி களி. நீலக்களி, ஷோனா. கெட்டியாக, ரிம்மின் பள்ளத்தில் அப்பியபடி. நகத்தால் சுரண்டி வெளிச்சத்தில் பார்த்தேன், முகர்ந்தும் பார்த்தேன், அந்தக் கந்தக வாடை.

உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன், என் மனசுக்காக. அவன் விழுந்த இடத்தில் களி கிடையாது. பலகைப் பாலம், அதன் கீழே ஓடை, சலித்து வைத்ததுபோல் சாம்பல் கல்லும் சுத்தமான தண்ணீரும். நீலக்களி இருப்பது அதற்கு மேலே, சுரங்கத்து ஊற்று தடத்தில் கசியும் வளைவில் மட்டும்தான். டயர் பாறையில் மோதிக் காற்றுப் போயிருந்தால் உள்ளே மணலும் தண்ணீரும் வந்திருக்கும். களி உள்ளே போயிருக்கிறது என்றால் அந்த வளைவில், அவன் இன்னும் ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருக்கும்போதே, டயர் ரிம்மைவிட்டுப் புரண்டு வாயைத் திறந்திருக்கிறது. நீ சொன்ன காற்று இருந்தால் புரளாது. நான் சக்கரத்தை அங்கேயே போட்டுவிட்டு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மேலே ஏறினேன். என் முட்டிக்கு அந்த ஏற்றம் ஆகாது, பாதி தூரம் வேர்களைப் பிடித்துக்கொண்டுதான் போனேன், திட்டிக்கொண்டே போனேன், யாரை என்று தெரியவில்லை. வளைவு தாண்டிப் பாலம் வரைக்கும் தடத்தில் மூன்று நான்கு பெரிய கல் பதிந்திருக்குமே, அவற்றின் மேல் வெள்ளிக் கீறல் இருந்தது. ரிம் இழுத்த கீறல். இத்தனை மழைக்கும் போகவில்லை. வளைவிலிருந்து பாலம் வரை வெறும் ரிம்மில் வந்திருக்கிறான், நிறுத்தப் பார்த்திருப்பான், அந்தச் சரிவில் முன் பிரேக்கைத் தொட்டிருந்தால் முடிந்தது. அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து அழுதேன். அடக்கத்தன்று வராத அழுகை அங்கே வந்தது.

அப்புறம் தாமட்டியிடம் கேட்டேன். ரோரியோடு முதல் வகுப்பிலிருந்து திரிந்தவன், அன்றைக்கு ஓடைக்குள் குதித்து அவனைத் தூக்கியவன், சாலை வரை முதுகில் சுமந்து வந்தவன். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறான், விறகு பிளந்து அடுக்கிவிட்டு அப்பாவோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கிறான். தன் சைக்கிளை அன்றைக்கு மாட்டியவன் இன்னும் இறக்கவில்லை. நான் சக்கரத்தை மேசை மேல் வைத்திருந்தேன், உள்ளே வந்தவன் அதைப் பார்த்தான், களியைப் பார்த்தான், உட்கார்ந்துவிட்டான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஆன்ட்டி, எல்லாரும் குனிஞ்சு புகையிலை வெச்சிட்டிருந்தோம். அவன் மட்டும் சைக்கிள்ல சாஞ்சுக்கிட்டு நின்னான். என்னடா, நீ பெரிய எடத்து ஆளா, வைக்கமாட்டியான்னேன். எங்கக்கா எறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்னான். உங்கக்கா ஸ்காட்லாந்துல இருக்கா, சேறு இங்கதானடா இருக்குன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். நான் கீழ உக்காந்து முன்னாடி வால்வை அமுக்கினேன் ஆன்ட்டி. என் கையாலதான். விரல் உள்ள போற வரைக்கும். பின் டயரையும் எறக்குறேன்னேன், அதுக்குள்ள மத்தவங்க கெளம்பிட்டாங்க, விட்டுட்டேன்." முன்பே ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை, அவனே சொன்னான். "கல்லுல மோதித்தான் காத்து போச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அதையே புடிச்சுக்கிட்டேன். ராத்திரியில மட்டும் அந்த புஸ்ஸுங்கிற சத்தம் கேக்கும்."

நான் அவனை அடிக்கவில்லை. அடிக்க வேண்டும் என்று இருந்தது, பொய் சொல்லமாட்டேன், டயர் நெம்பி கையில்தான் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன், ஏற்கெனவே அடிபட்ட முகம். இவனுக்கும் வயது ரோரியின் வயதுதான். போய்க் கை கழுவிவிட்டு வந்து ஆட்டுக்கறிக் குழம்பைச் சூடாக்கித் தட்டில் போட்டேன், சாப்பிட்டான். அப்பா பக்கத்து அறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மெதுவாக எழுந்து வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், மூச்சு வாங்கி முடியும்வரை நாங்கள் காத்திருந்தோம். "நாங்க புகையிலைய வெச்சுட்டுப் போனது உள்ள சாகாம வெளிய வரத்தான்டா," என்றார், "நீங்க எதுக்குடா வெச்சீங்க?" அவ்வளவுதான். தாமட்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். பிறகு அப்பாவே அவன் தோளைத் தொட்டு, சாப்பிடு, ஆறிப்போகும் என்றார்.

சனிக்கிழமை தாமட்டி மதுக்கடைக்குப் போய் வால்டர் கிழவன் முன்னால், எல்லோர் முன்னாலும், நடந்ததைச் சொல்லியிருக்கிறான். நான் சொல்லச் சொல்லவில்லை. சொன்னான் என்று கேட்டபோது ஒரு நிமிடம் நன்றாக இருந்தது, இனி உன் பேரை எவனும் எடுக்க மாட்டான் என்று, அடுத்த நிமிடம் அவனைத்தான் நினைத்தேன். வால்டர் இப்போது அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்திருப்பான். அதனால்தான் உனக்கு ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேள். நீ சொன்னது சரி. டயர் சரி, காற்று சரி. உன் மேல் இருந்ததை நான் இறக்கிவிட்டேன், அதை எடுத்து அவன் தலையில் நீ ஏற்றாதே. வளைவில் டயர் புரளாமல் இருந்திருந்தால் ரோரி பிழைத்திருப்பானா என்று நீ கேட்பாய். தெரியாது. பாலத்துக்கு முன்னால் இருக்கும் அந்த வேர் நனைந்திருந்தால் எந்தப் பல்லும் அதைப் பிடிக்காது, உனக்கே தெரியும், நீயே அதில் ஒருமுறை பல்லை உடைத்துக்கொண்டவள். பிழைத்திருக்கலாம். அந்த 'லாம்'-ஐ வைத்துக்கொண்டுதான் நாம் நால்வரும் இனி இருக்க வேண்டும், எனக்கு வேறு ஆறுதல் எழுத வரவில்லை.

வேறு சேதி அதிகம் இல்லை. சிவப்புக்கோழி அடையில் உட்கார்ந்திருக்கிறது. கொட்டகைக் கூரை மூலையில் மறுபடியும் ஒழுகுகிறது, தாமட்டி தகரம் கொண்டுவருகிறேன் என்றிருக்கிறான். உன் அறையில் உன் சாமான்களைத் தொடவில்லை, கம்பளியை மட்டும் வெயில் வந்த ஒரே நாளில் உதறிப் போட்டேன். அங்கே வீட்டுக்காரியோடு சண்டை என்றாயே, அவளுக்கு ஒரு கேக் வாங்கிக்கொண்டுபோய்க் கொடு, அவளும் தனியாக இருக்கிறவள்தானே. மீன் கொட்டகையில் கையுறைக்குள் பஞ்சு உறை போட்டுக்கொள், உன் விரல் விறைத்துப்போனால் பிறகு சின்ன வேலைக்கு ஆகாது. சின்ன வேலைக்குத் திரும்புவாயா என்று நான் கேட்கவில்லை. விரலைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. அக்டோபரில் ரோரி பேரில் சவாரி வைத்திருக்கிறார்கள், டாபின் தடத்தில்தான். யார் முன்னால் போவது என்று பேச்சு வந்தபோது நான் தாமட்டி போகட்டும் என்றேன். ரோரியின் சைக்கிளிலேயே போகட்டும். சக்கரத்தைக் கழுவி, அந்தக் களியைத் துடைத்து, அதே ஒல்லி டயரை மாட்டி வைத்திருக்கிறேன், புதுத் திரவமும் ஊற்றியாயிற்று, காற்று மட்டும் அடிக்கவில்லை. எவ்வளவு அடிக்கட்டும் ஆன்ட்டி என்று கேட்டான். எனக்குத் தெரியும், அவன் எடையும் தெரியும், அக்டோபர் சேறும் தெரியும். என்னைக் கேட்காதே, ஷோனாவைக் கேள் என்று சொல்லிவிட்டேன். முகம் வெளுத்துப்போய்விட்டது. ஒரு வாரமாக உன் தொலைபேசி எண்ணை வைத்துக்கொண்டு அலைகிறான், இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துசேரும்வரை பொறு என்று நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். வருகிற மாத முதல் ஞாயிறு, உனக்குக் காலை, கூப்பிடுவான். தயங்கித் தயங்கிப் பேசுவான், வைத்துவிடாதே.

கடவுள் உன்னைக் காக்கட்டும், உன் தம்பியும் எங்கே இருந்தாலும் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும், நானும் அப்பாவும் தினமும் உன் பேரைச் சொல்லித்தான் விளக்கை அணைக்கிறோம். நீ வர வேண்டும் என்று ஆசை, வா என்று வற்புறுத்தமாட்டேன். போனை மட்டும் எடு. தாமட்டி ரோரியைவிடக் கனம், எடையைக் கேட்டுக்கொண்டு காற்றின் அளவைச் சொல். முன் டயருக்கு ஒன்று, பின் டயருக்கு ஒன்று. சவாரியன்று நான் கேட்டருகே நிற்பேன். நீ சொன்ன காற்றில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

இப்படிக்கு
உன் அம்மா
நைரி
(அப்பா பக்கத்தில் இருக்கிறார், தன் பேரையும் போடச் சொல்கிறார்: டெஸ்)